கான்வாயின் வாரிசுகள்

செப்டம்பர் பாதி தாண்டியதும் லடாக்கின் பள்ளத்தாக்குகளில் பாப்ளர் மரங்களும் வில்லோ மரங்களும் மஞ்சளாக மாறத் தொடங்கும். பார்லி அறுவடை முடிந்து கதிர்க்கட்டுகள் களத்துக்குப் போயிருக்கும். கோடையில் பிற்பகல்தோறும் பனி உருகிப் பெருக்கெடுத்த ஓடைகள் வற்றி அடங்கிவிடும். பகலில் வானம் தெளிந்திருக்கும். விடியற்காலையிலோ சாலையின் நிழல் விழும் வளைவுகளில் கண்ணுக்குத் தெரியாத பனிப்படலம் உறைந்து கிடந்து சக்கரத்தை வாரிவிடும். மணாலிக்கும் லேவுக்கும் இடையே கரடுமுரடான மலைத்தடங்களைத் தேடிக் கூட்டமாக பைக்கில் வருகிறவர்களில் விவரம் தெரிந்தவர்கள் பலர் இந்தப் பருவத்தைத்தான் விரும்புகிறார்கள். பத்துப் பதினைந்து வண்டிகள். முன்னால் ஒரு வழிகாட்டி, கடைசியில் ஒரு மெக்கானிக், அவருக்கும் பின்னால் உதிரிபாகங்களும் பெட்ரோல் கேன்களும் ஆக்சிஜன் சிலிண்டரும் ஏற்றிய ஒரு வண்டி. இந்தப் பயணத்தை விற்கிறவர்களும் வாங்குகிறவர்களும் ஒரே சொல்லைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள்: விடுதலை. அலுவலகத்திலிருந்து, நகரத்து நெரிசலிலிருந்து, அரசு போட்ட எல்லா வேலிகளிலிருந்தும் விடுதலை. வரலாறு சொல்வது வேறு. அவர்கள் ஓடும் சாலை, ஓட்டும் வண்டி, கிளம்பும் பருவம், கூட்டமாகப் போகும் முறை ஆகிய நான்கிலும் ராணுவத்தின் தளவாடப் போக்குவரத்து தன் முத்திரையைப் பதித்திருக்கிறது. இமயமலையின் பைக் கூட்டம் கான்வாயின், அதாவது படைவண்டி வரிசையின், வாரிசு என்றே நான் கருதுகிறேன். இப்படிச் சொல்வதற்கு மறுப்புகள் உண்டு. அவற்றில் ஒன்றிரண்டு வலுவானவை. முதலில் சான்றுகளைப் பார்த்துவிடலாம்.

1947-இல் லே நகருக்கு மோட்டார் வண்டி போகும் வழியே கிடையாது. ஸ்ரீநகரிலிருந்து சோஜி லா கணவாய் வழியாகவும், குலுவிலிருந்து ரோஹ்தாங், பாராலாச்சா கணவாய்கள் வழியாகவும் மட்டக்குதிரையும் கோவேறு கழுதையும் நடக்கும் தடங்கள்தான் இருந்தன. அந்த அக்டோபரில் தொடங்கிய காஷ்மீர் போர் அடுத்த கோடைக்குள் லடாக்கின் வாசலுக்கே வந்துவிட்டது. லேயில் பொறியாளர் சோனம் நோர்பு ஊர்மக்களின் உழைப்பைக் கொண்டு அவசரமாக ஓர் ஓடுதளம் அமைத்தார். 1948 மே 24 அன்று ஏர் கமடோர் மெஹர் சிங் ஜெனரல் திம்மையாவை ஏற்றிக்கொண்டு ஒரு டகோட்டா விமானத்தை அதில் இறக்கினார். ஆனால் விமானத்தில் கொண்டுபோகக்கூடியது கொஞ்சம். திராஸ், கார்கில் பகுதிகளை மீட்க வேண்டுமென்றால் 3,528 மீட்டர் உயரத்திலுள்ள சோஜி லாவைத் தரைவழியே உடைத்தாக வேண்டும். செப்டம்பரில் காலாட்படை முயன்று தோற்றது. அதன் பிறகுதான் யாரும் எதிர்பாராத ஒரு முடிவு எடுக்கப்பட்டது. 7-ஆம் லைட் கேவல்ரியின் ஸ்டூவர்ட் டாங்குகளை, வழியிலுள்ள பாலங்கள் தாங்க வேண்டும் என்பதற்காக மேற்கூண்டுகளைக் கழற்றி, மறைவாகப் பால்டால் வரை கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். பால்டாலிலிருந்து கணவாய் வரையிலான கழுதைப் பாதையை டாங்கு ஏறும் அளவுக்கு வெட்டி அகலப்படுத்தியவர்கள் மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியாளர் படைப்பிரிவினர். தென்னிந்தியாவிலிருந்து ஆள் எடுக்கும் படைப்பிரிவு அது. நவம்பர் 1 அன்று, பனி விழுந்துகொண்டிருந்த ஒரு நாளில், டாங்குகள் கணவாயைக் கடந்தன. இன்று புகைப்படத்துக்காக பைக்குகள் நிறுத்தப்படும் அந்தக் கணவாயில் முதன்முதலாக எஞ்சின் சத்தம் கேட்டது ஓர் இலையுதிர் காலத்தில், போருக்காக.

அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு சாலைக்கும் இதே கதைதான். சீனா அக்சாய் சின் வழியாகத் தன் சாலையை 1957-இல் முடித்துவிட்டது தெரியவந்ததும் டெல்லி விழித்துக்கொண்டது. 1960 மே 7 அன்று எல்லைச் சாலைகள் அமைப்பு தோன்றியது. கிழக்கே டஸ்கர் (பின்னாளில் வர்த்தக்), மேற்கே பீக்கன் என்ற இரண்டு திட்டங்களோடு அது வேலையைத் தொடங்கியது. 1962 அக்டோபர் 20 முதல் நவம்பர் 21 வரை நடந்த போர், இதுவும் இலையுதிர் காலத்துப் போர்தான், சாலை இல்லாத எல்லையின் விலையைக் காட்டியது. ஸ்ரீநகர்–லே சாலை பீரங்கி எட்டும் தொலைவில் ஓடுகிறது என்பதால் அதற்கு மாற்றாக மணாலி வழியிலும் ஒரு சாலை தேவைப்பட்டது. 1999 கார்கில் போரில் எதிரிகள் மலைமுகட்டிலிருந்து அந்த முதல் சாலையைச் சுட்டபோது அந்த முன்யோசனையின் அருமை புரிந்தது. நூப்ரா பள்ளத்தாக்குக்குப் போகும் கர்துங் லா சாலை 1976-இல் அமைந்தது. 1984-இல் சியாச்சின் பனியாற்றில் படை ஏறிய பிறகு அதுவே அங்குள்ள வீரர்களின் உணவு, மண்ணெண்ணெய், வெடிமருந்து அனைத்துக்கும் உயிர்நாடியானது. 1985-இல் லடாக்குக்கென்றே ஹிமாங்க் திட்டம் வந்தது. இந்த ஆண்டுகளுக்கு அருகே பொதுமக்களுக்குத் திறந்துவிட்ட ஆண்டுகளை வைத்துப் பாருங்கள். லடாக்கில் சுற்றுலாவுக்கு அனுமதி 1974-இல். கர்துங் லாவில் பொது வாகனங்கள் 1988-இல். மணாலி–லே சாலை 1989-இல். நூப்ரா, பாங்காங், சோ மோரிரி பகுதிகள் 1994-இல். எந்தச் சாலையும் பயணிக்காகப் போடப்படவில்லை. படைக்காகப் போட்டு, படையின் அவசரம் ஓரளவு தணிந்த பிறகு, பயணி உள்ளே விடப்பட்டான்.

இங்கே ஒரு மறுப்பை எதிர்கொள்ள வேண்டும். படை வருவதற்கு முன்பே இந்தக் கணவாய்களில் வணிகக் கூட்டங்கள் போய்வந்தன. பைக் கூட்டத்தின் முன்னோர் சிப்பாய்கள் ஏன், கேரவன் வணிகர்களே ஏன் இருக்கக்கூடாது? கேள்வி நியாயமானது. லேயிலிருந்து யார்க்கண்டுக்குப் போகும் வழி கர்துங், சாசெர், காரகோரம் ஆகிய கணவாய்களைத் தாண்டி ஒரு மாதத்துக்கு மேல் நீளும். வழியெங்கும் செத்துவிழுந்த குதிரைகளின் எலும்புகளே தடத்தைக் காட்டும் என்று அதில் நடந்த பயணிகள் பலர் எழுதியிருக்கிறார்கள். பட்டு, கம்பளம், சரஸ், பஷ்மினா கம்பளி எல்லாம் கைமாறும் லே கடைத்தெரு கோடைக் கடைசியிலும் இலையுதிர் காலத்திலும்தான் களைகட்டும். ஹோஷியார்பூர் வணிகர்கள் குலு வழியாக ஏறி வந்தார்கள். இன்றைய மணாலி–லே சாலை தொடும் பாராலாச்சா, லாச்சுலுங், தங்லங் கணவாய்கள் அந்த வணிகத் தடத்தைச் சேர்ந்தவை. ஆகவே, தடம் பழையது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் வாரிசுரிமை கோர, தொடர்ச்சி வேண்டும். 1949-இல் சிங்கியாங் எல்லை மூடப்பட்டதும் அந்த வணிகம் அற்றுப்போனது. குதிரைக்காரர்களின் வாடகைத் தொழிலும், வழித்தங்கல்களும், யார்க்கண்டி வணிகர்களின் வருகையும் ஒரு தலைமுறைக்குள் மறைந்தன. பைக் வந்தது அந்த வணிகம் செத்து நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு, வேறொருவர் வெட்டிய சாலையில்.

இன்னொன்றும் உண்டு. கேரவன் பாதையைச் சுதந்திர வணிகத்தின் பாதையாகக் கற்பனை செய்கிறவர்கள் 1870-ஆம் ஆண்டின் ஒப்பந்தத்தை நினைவில் கொள்வது நல்லது. வைஸ்ராய் மேயோவும் காஷ்மீர் மகாராஜா ரண்பீர் சிங்கும் கையெழுத்திட்ட அந்த ஒப்பந்தம் இந்தத் தடத்தை இரண்டு கூட்டு ஆணையர்களின் மேற்பார்வையில் வைத்தது. வழிப்போக்கருக்குக் குதிரையும் கூலியாளும் தரும் பொறுப்பு முறைவைத்துக் கிராமங்களின் தலையில் விழுந்தது. லடாக்கில் ‘ரெஸ்’ என்று அழைக்கப்பட்ட இந்தக் கட்டாயச் சுமைமுறையில் விதைக்கிற நேரமானாலும் அறுக்கிற நேரமானாலும் குடியானவன் தன் குதிரையோடு போய் நின்றாக வேண்டும். ஆக, அரசின் தேவையும் உள்ளூர் உழைப்பும் இல்லாமல் இந்த மலையில் நெடுந்தடம் எதுவும் எந்தக் காலத்திலும் இயங்கியதில்லை. கேரவன் உதாரணம் என் வாதத்தை அசைக்கவில்லை. அதை இன்னும் முன்னால் தள்ளி வைக்கிறது, அவ்வளவுதான்.

அடுத்தது வண்டி. இந்தப் பகுதி தமிழ் வாசகருக்கு நெருக்கமானது. இந்தியா விடுதலை பெற்ற சில ஆண்டுகளில், எல்லைக் கண்காணிப்புக்கும் காவல் பணிக்கும் உறுதியான ஒரு மோட்டார் சைக்கிளை அரசு தேடியது. இங்கிலாந்தின் ரெடிச் நகரத்து ராயல் என்ஃபீல்டு நிறுவனத்தின் 350 சிசி புல்லட் தேர்வாகி, 1950-களின் தொடக்கத்தில் 800 வண்டிகளுக்கு ஆர்டர் போனது. துப்பாக்கி உதிரிபாகங்கள் செய்து பெயர் வாங்கி, முத்திரையில் பீரங்கியைப் பொறித்துக்கொண்ட நிறுவனம் அது. 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் அதோடு கைகோத்து என்ஃபீல்டு இந்தியா தொடங்கப்பட்டது. திருவொற்றியூரில் ஆலை எழுந்தது. முதலில் பாகங்களை வரவழைத்துப் பூட்டினார்கள். சில ஆண்டுகளில் எல்லாவற்றையும் இங்கேயே செய்யத் தொடங்கினார்கள். 1970-களின் தொடக்கத்தில் இங்கிலாந்து நிறுவனம் மூடப்பட்டது. திருவொற்றியூர் நிற்கவில்லை. ராணுவமும் காவல்துறையும் தொடர்ந்து வாங்கியதும் அதற்கு ஒரு காரணம். பிற்காலத்தில் லடாக் கான்வாய்களில் ஓடிய ஸ்டாலியன் லாரி அசோக் லேலண்டின் வடிவமைப்பு. அந்த நிறுவனத்தின் தாய் ஆலை எண்ணூரில் இருக்கிறது. கடற்கரையோரம் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு வடசென்னை ஊர்களின் பெயர் இப்படி இமயத்தின் கணவாய்களோடு பிணைந்து கிடக்கிறது. சென்னைக்காரர்களே இதை அதிகம் பேசுவதில்லை என்பது வியப்புதான்.

புல்லட் ஏன் மலைக்குப் பொருந்தியது என்பதை அதன் எஞ்சின் அளவே சொல்லும். 70 மில்லிமீட்டர் விட்டமுள்ள சிலிண்டரில் பிஸ்டன் 90 மில்லிமீட்டர் ஏறி இறங்கும். இத்தனை நீண்ட வீச்சு உள்ள எஞ்சின் வேகத்தில் பின்தங்கும். ஆனால் குறைந்த சுழற்சியிலேயே இழுவை கொடுக்கும். சரளை மேட்டில், நடைவேகத்தில், பாரம் ஏற்றிக்கொண்டு ஏறத் தேவையானது அந்த இழுவைதான். ஐயாயிரம் மீட்டருக்கு மேல் காற்றில் ஆக்சிஜன் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறையப் பாதிதான் கிடைக்கும். கார்புரேட்டர் அதே அளவு பெட்ரோலை ஊற்றிக்கொண்டிருக்க, கலவை கெட்டு, பிளக் கறுத்து, வண்டி திணறும். அப்போது ஜெட்டை மாற்றவோ ஏர் ஸ்குரூவைத் திருகவோ சாலையோரத்தில் உட்கார்ந்து செய்யக்கூடிய எளிய பொறியமைப்பு புல்லட்டுடையது. சிற்றூர்களில்கூட அதைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த ஆள் கிடைப்பார். படையிலும் காவல்துறையிலும் பல்லாண்டு ஓடிய வண்டி என்பதால் உதிரிபாகமும் கைவேலையும் எங்கும் பரவியிருந்தன. படை கழித்துக்கட்டி ஏலத்தில் விட்ட புல்லட்டுகள் எத்தனையோ தனியார் கைக்கு வந்து சேர்ந்தன. 1989-இல் மணாலி சாலை திறந்தபோது, வெளிநாட்டவர்கள் வாடகைக்குக் கேட்ட வண்டி இதுவாக இருந்ததில் தற்செயல் எதுவும் இல்லை.

இரண்டாவது மறுப்பு விளையாட்டு வரலாற்றிலிருந்து வருகிறது. இதுதான் எல்லாவற்றிலும் வலுவானது. கரடுமுரடான நிலத்தில் மோட்டார் சைக்கிள் ஓட்டும் மரபு ஐரோப்பியக் கழகங்களில் பிறந்தது. ஸ்காட்லாந்தின் ஆறுநாள் போட்டி 1909-இல், சர்வதேச ஆறுநாள் போட்டி 1913-இல் இங்கிலாந்தின் கார்லைல் நகரில் தொடங்கின. இந்தியப் படைக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். சவாலை விரும்பி ஏற்கும் மனநிலை அங்கிருந்து வந்தது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் போட்டியின் கதையே பட்டாளத்தைவிட்டு விலகி நிற்கவில்லை. 1939 ஆகஸ்டில் சால்ஸ்பர்கில் நடந்த ஆறுநாள் போட்டிக்குப் பிரிட்டிஷ் ராணுவமே ஓர் அணியை அனுப்பியது. போர் மூளும் தறுவாயில் அந்த அணி போட்டி முடிவதற்குள் ஊர் திரும்ப நேர்ந்தது. சில நாள்களில் அந்தப் போட்டியில் ஓடிய வகை வண்டிகளிலேயே செய்தி கொண்டுபோகும் டெஸ்பாட்ச் ரைடர்கள் போர்க்களத்தில் இருந்தார்கள். போர் முடிந்து 1948-இல் இத்தாலியின் சான் ரேமோவில் நடந்த போட்டியில் பின்சக்கர ஸ்பிரிங் அமைப்போடு வந்த புதிய புல்லட்டுகள் தங்கப் பதக்கங்கள் பெற்றன. அதே புல்லட்டைத்தான் சில ஆண்டுகளில் இந்தியா தன் எல்லைக்காக வாங்கியது. போட்டித் தடமும் போர்த் தடமும் ஒரே வண்டிக்குள் சந்தித்துக்கொண்டன. சாலைகளைப் பார்த்தாலும் ஐரோப்பாவில் நிலைமை வேறல்ல. சரளைப் பாதை தேடும் பைக் ஓட்டிகள் இன்று மொய்க்கும் இத்தாலியின் அசியெத்தா மலைமுகட்டுச் சாலை, கோட்டைகளுக்குத் தளவாடம் கொண்டுபோகப் படை வெட்டியது. மலையுச்சியில் பணத்தைக் கொட்டிச் சாலை போட வணிகருக்குக் காரணம் இருப்பது அரிது. படைக்கு எப்போதும் காரணம் உண்டு.

கூட்டமாகப் போவதைப் பற்றிச் சொன்னால் சிலர் சிரிக்கலாம். நண்பர்கள் சேர்ந்து போவதற்கும் கான்வாய்க்கும் என்ன உறவு? உலகில் எங்கே பத்துப் பேர் சேர்ந்து வண்டி ஓட்டினாலும் ஒருவர் முன்னால் போவார், ஒருவர் பின்னால் வருவார். இதற்கு ராணுவத்தைக் கூப்பிட வேண்டியதில்லை என்பது உண்மை. ஆனால் இங்கே கூட்டம் ஒரு விருப்பமாக மட்டும் இருந்ததில்லை, சில இடங்களில் விதியாகவும் இருந்தது. 1994-இல் எல்லைப் பகுதிகள் திறந்தபோது வெளிநாட்டவருக்குத் தனி ஆளாக அனுமதி கிடையாது. குறைந்தது நான்கு பேர் குழுவாக, பதிவு பெற்ற பயண முகவர் மூலமாக வர வேண்டும் என்பது நிபந்தனை. பின்னர்தான் அது இரண்டு பேராகக் குறைந்தது. லடாக்கின் குழுச் சுற்றுலாத் தொழில் வளர்ந்ததில் இந்த அனுமதிச் சீட்டுக்குப் பங்கு உண்டு. சோஜி லாவில் எந்த நேரத்தில் எந்தத் திசை வண்டிகள் போகலாம் என்று வகுத்துவிடுவார்கள். காத்திருப்பதும் வரிசையில் நகர்வதும் அங்கே பைக் ஓட்டியின் விருப்பத்தைப் பொறுத்ததல்ல. மணாலி சாலையில் தாண்டி என்ற ஊரில் உள்ள பெட்ரோல் பங்க்கில், அடுத்த பங்க் 365 கிலோமீட்டரில் என்று எழுதியிருந்த பலகை பல்லாண்டு காலம் பைக் ஓட்டிகளுக்கு ஒரு சடங்குப் புகைப்படம். அந்த இடைவெளியைத் தாண்ட எரிபொருளைச் சுமந்தாக வேண்டும். பதினைந்து பேருக்குச் சுமக்க ஒரு வண்டி பின்னால் வந்தாக வேண்டும். மூச்சுத் திணறி விழுந்தவரை எங்கே கொண்டுபோவது என்றால், பாங் என்ற இடத்தில் உள்ள ராணுவ இடைத்தங்கல் முகாமின் மருத்துவ அறைக்குத்தான். வழிகாட்டி, கடைசியில் மெக்கானிக், எரிபொருள் வண்டி, முகாமிலிருந்து முகாமுக்கு அளந்து வைத்த தொலைவு, சோதனைச் சாவடியில் பெயர்ப் பதிவு: இவற்றை வரிசையாக எழுதிவிட்டுத் தலைப்பில் கான்வாய் என்று போட்டால் லே–மணாலி சாலையில் லாரி ஓட்டிய எந்தப் படைவீரரும் திருத்தமாட்டார்.

பருவக் கணக்கும் இப்படித்தான். இலையுதிர் காலத்தில் மலைச்சாலை ஓய்ந்து கிடக்கும் என்று சமவெளிக்காரர் நினைப்பார். நடப்பது நேர்மாறு. கணவாய்கள் பனியில் மூடுவதற்குள் அடுத்த ஆறு மாதத்துக்கான அரிசி, பருப்பு, எண்ணெய், எரிபொருள், குளிராடை, மருந்து எல்லாம் மேலே போய்ச் சேர வேண்டும். குளிர்காலக் கையிருப்பு என்று படை அழைக்கும் இந்த வேலை செப்டம்பர், அக்டோபரில் உச்சத்தைத் தொடும். கோடைச் சுற்றுலாக் கூட்டம் வடிந்து, சர்ச்சுவிலும் பாங்கிலும் தனியார் கூடாரங்கள் ஒவ்வொன்றாகப் பிரிக்கப்படும்போது, சாலை மறுபடி படைவண்டிகளின் சாலையாகிறது. எல்லைச் சாலைகள் அமைப்பும் மண் உறைவதற்குள் முடிந்த மட்டும் ஓட்டைகளை அடைத்துவிடத் துடிக்கும். இந்தக் கடைசி மாதத்தில் சாலை திறந்திருப்பது பைக் ஓட்டிக்காக அன்று. கடைசி லாரி இன்னும் மேலே போகவில்லை என்பதற்காக. போட்டி உலகமும் இந்த இடைவெளியைப் பிடித்துக்கொண்டது. 1999-இல் தொடங்கிய ரெய்டு டி ஹிமாலயா பந்தயம் அக்டோபரைத் தன் மாதமாக்கிக்கொண்டு கார்களோடு மோட்டார் சைக்கிள்களையும் பனித்தடங்களில் ஓடவிட்டது. நிறுவனங்களும் பின்தங்கவில்லை. ராயல் என்ஃபீல்டு 2004 முதல் ஹிமாலயன் ஒடிசி என்ற பெயரில் டெல்லியிலிருந்து லடாக்குக்குக் கோடைதோறும் கூட்டுப்பயணம் நடத்தி, 2016-இல் ஹிமாலயன் என்றே ஒரு வண்டியை வெளியிட்டது. 21 அங்குல முன்சக்கரம், தரையிலிருந்து 220 மில்லிமீட்டர் உயரம், 15 லிட்டர் டேங்க். டேங்க்கின் இரு பக்கமும் ஜெர்ரி கேன் மாட்டுவதற்கு இரும்புச் சட்டம். அந்தச் சட்டத்தைப் பார்க்கும்போது தாண்டியின் 365 கிலோமீட்டர் பலகை நினைவுக்கு வராமல் போகாது.

மூன்றாவதாக ஒருவர் இப்படிச் சொல்லலாம்: சாலை யார் போட்டால் என்ன, வண்டி எதற்காக வாங்கப்பட்டால் என்ன, ஐயாயிரம் மீட்டர் உயரத்தில், தூசும் சரளையுமான வளைவில், வண்டியைக் கட்டுப்படுத்தி ஏறும் மனிதன் உணரும் விடுதலை பொய்யா? பொய்யில்லை. எண்பதுகளின் கடைசியில் புல்லட்டை வாங்கிக்கொண்டு தன்னந்தனியாக மலையேறிய வெளிநாட்டவர் சிலருக்கு அது முழுக்க மெய்யாகவும் இருந்திருக்கும். ஓர் உணர்வின் தோற்றுவாயைச் சொல்வதால் அந்த உணர்வு அழியாது. இணையம்கூட ராணுவ ஆய்விலிருந்து பிறந்ததுதான், அதனால் நாம் அதில் அரட்டை அடிப்பதை நிறுத்தவில்லை. என் குறை வேறு. விடுதலைக் கதை மட்டுமே சொல்லப்படும்போது சிலர் காணாமல் போகிறார்கள். தும்கா முதலிய ஜார்க்கண்ட் பகுதிகளிலிருந்தும் பீகார், நேபாளத்திலிருந்தும் கோடையில் வந்து, சாலையோரத் தகரக் கொட்டகையில் தங்கி, கையால் ஜல்லி உடைத்துத் தார் காய்ச்சி ஊற்றி, இலையுதிர் காலத்தோடு ஊர் திரும்பும் தினக்கூலித் தொழிலாளர்கள் அவர்களில் முதன்மையானவர்கள். பைக் ஓட்டி ஒரு மணி நேரம் மூச்சு வாங்கிவிட்டு இறங்கிப்போகும் உயரத்தில் அவர்கள் மாதக்கணக்கில் மண்வெட்டி பிடிக்கிறார்கள். அந்தச் சாலைகளின் படம் போட்டு வந்த பயணக் கட்டுரைகளில் அவர்களைப் பற்றிய வரி ஒன்று இருந்தால் அதிகம். எல்லைச் சாலைகள் அமைப்பின் வேடிக்கையான எச்சரிக்கைப் பலகைகளுக்குக் கிடைத்த புகழில் பத்தில் ஒரு பங்குகூட அந்தச் சாலையைப் போட்டவர்களுக்குக் கிடைக்கவில்லை.

விடுதலைக் கதை இன்னொரு கேட்டையும் செய்கிறது. எங்கும் போகலாம் என்ற எண்ணத்தை அது வளர்க்கிறது. இமயத்தில் ‘ஆஃப்-ரோடு’ என்று கொண்டாடப்படுவது பெரும்பாலும் சாலை இல்லாத நிலம் அன்று. போட்டு முடியாத சாலை, அல்லது போட்டது பெயர்ந்துபோன சாலை. காட்டா வளைவுகளின் 21 கொண்டைஊசித் திருப்பங்கள், புழுதியில் சக்கரம் புதையும் மோரே சமவெளி, கோடையில் கலங்கிப் பாயும் பாகல் நாலா ஆகிய யாவும் ஏதோ ஒரு பணிப்பட்டியலில் நிலுவையில் இருந்த வேலைகள். அந்த நிலுவைகள் தீரத் தீர, சவால் தேடுகிறவர்கள் சாலையைவிட்டே இறங்குகிறார்கள். ஹுண்டரின் மணல்மேடுகள், ஏரிக்கரை ஈரநிலங்கள், சாங்தாங்கின் மேய்ச்சல் வெளிகள் எல்லாவற்றிலும் டயர்த் தடங்கள் விழுகின்றன. அந்த உயரத்தில் ஒரு முறை கிழிபட்ட புல்தரை ஆறுவதற்கு ஆண்டுகள் ஆகும். அதை நம்பித்தான் சாங்பா மேய்ப்பர்களின் ஆடுகளும், அவற்றின் பஷ்மினாவும். படைவண்டி வரிசையின் வாரிசு என்று தன்னை அறிந்தவனுக்கு, சாலை எங்கே முடிகிறதோ அங்கே தன் உரிமையும் முடிகிறது என்பது விளங்கும். தன்னை வழிகண்டுபிடிப்பவனாக நினைத்துக்கொள்பவனுக்கு அது விளங்காது.

இனி நடக்கப்போவதும் இதே போக்கில்தான் இருக்கிறது. 2020 அக்டோபர் 3 அன்று திறந்த 9.02 கிலோமீட்டர் அடல் சுரங்கம் ரோஹ்தாங் கணவாயைச் சாலையிலிருந்து நீக்கிவிட்டது. பைக் ஓட்டிகள் சிலர் அதற்காக வருந்தினார்கள். குளிர்காலத்தில் பிரசவத்துக்குக்கூட மணாலி வர முடியாமல் கிடந்த லாஹௌல் மக்கள் வருந்தவில்லை. நிம்மு–பதம்–தார்ச்சா என்னும் மூன்றாவது பாதை 2024-இல் இணைந்தது; அதன் ஷிங்கு லா கணவாயின் அடியில் 4.1 கிலோமீட்டர் சுரங்கத்துக்கு அதே ஆண்டு ஜூலையில் முதல் வெடி வைத்தார்கள். இன்னொரு பக்கம், டெம்சோக் எல்லைக்குப் போகும் வழியில் 5,798 மீட்டர் உயரத்து உம்லிங் லாவில் 2021-இல் தார் போட்டு முடித்தார்கள். கர்துங் லாவில் பலகை பல்லாண்டு காலம் சொன்ன உயரம் 18,380 அடி. அளந்து பார்த்தால் அது ஏறக்குறைய 17,580 அடிதான். உலகிலேயே உயரமான மோட்டார் சாலை என்ற அந்தப் பழைய பெருமை, நியாயமான உரிமையோடு, 2021-இல் உம்லிங் லாவுக்குப் போனது. எதிரே சீனப் படை நிற்கிறது என்பதற்காகப் போடப்பட்ட அந்தச் சாலை, தார் காய்ந்த சில ஆண்டுகளில் பைக் கூட்டங்களின் கனவுப் பட்டியலில் முதலிடத்துக்கு வந்துவிட்டது. அடுத்து எந்தத் தடம் பிரபலமாகும் என்று முன்கூட்டியே அறிய விரும்புகிறவர்கள் சுற்றுலா நிறுவனங்களின் விளம்பரங்களைப் பார்க்க வேண்டாம். எல்லைச் சாலைகள் அமைப்பின் நடப்பு ஆண்டுப் பணிப்பட்டியலைப் பார்த்தால் போதும்.